நாயைக் குளிப்பாட்டுதல்: கிணற்றடியில் செய்த பிழையும் கற்றுக்கொண்டதும்

எங்கள் வீட்டில் நின்ற வீமனுக்குக் குளிப்பென்றால் பயமில்லை. வாளிச் சத்தம் கேட்டால் அயலில் உள்ள நாய்கள் வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடிவிடும். அவன் மட்டும் தானாகவே கிணற்றடிக்கு வந்து நிற்பான். தண்ணீர் ஊற்றும்போது கண்ணை மூடிக்கொள்வான். அவ்வளவுதான்.

2003ஆம் ஆண்டு, எனக்குப் பதினைந்து வயது. அந்த வெயில் காலத்தில் அவனுடைய காதுகளிலும் கால் விரல்களுக்கிடையிலும் உண்ணி கொத்துக் கொத்தாக ஏறியிருந்தது. பிடுங்கப் பிடுங்க மறுநாளும் அவ்வளவு நிற்கும். வெங்காயத் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தில் கொஞ்சம் போத்தலில் மிச்சம் இருந்தது. "ஒரு மூடி எடுத்து வாளித் தண்ணியிலை கலந்து ஊத்தினால் காணும், ஒரு உண்ணி மிஞ்சாது" என்றார் சித்தப்பா. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரில் பலரும் செய்ததைத்தான் சொன்னார். கலந்ததும் ஊற்றியதும் நான். வழமைபோல அவன் அசையாமல் நின்றான்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். வாயிலிருந்து வாணி வடியத் தொடங்கியது. பிறகு வயிற்றாலே போனது, தசைகள் துடித்தன, பின்னங்கால்கள் இழுபட்டன. ஞாயிற்றுக்கிழமை. மிருக வைத்தியர் எங்கே இருப்பார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. யாரோ சொன்னார்கள் என்று தேங்காய்ப்பால் பருக்கினோம். விடிவதற்கு முன் வீமன் செத்துப்போனான். உண்ணிகளும் செத்துத்தான் இருந்தன.

இன்று எங்கள் வீட்டில் நிற்பது மணி என்ற பெட்டை நாய். சந்தையடியில் குட்டியாகக் கிடந்து எடுத்து வந்தது. அவளை முதன்முதலாகக் குளிப்பாட்டுவதற்கு முன் மிருக வைத்தியர் ஒருவரிடம் போய் எல்லாவற்றையும் கேட்டேன். வீமனின் கதையையும் சொன்னேன். அவர் சொன்னது இதுதான்: "தம்பி, குளிப்பு வேறை, மருந்து வேறை. ரெண்டையும் ஒரே வாளிக்குள்ளை போடாதேங்கோ." அவரிடம் கேட்டவற்றையும், அதன்பின் வாசித்தும் செய்தும் அறிந்தவற்றையும் இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். வீட்டில் நாய் வளர்க்கும் எவருக்கும் உதவும்.

நாயின் தோல் எமது தோல் அல்ல

நாயின் உடம்பு முழுவதும் உரோமம் இருப்பதால் அதன் தோல் தடிப்பானது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் நாயின் மேற்றோல் மனிதருடையதை விட மெல்லியது. அதன் பிஎச் பெறுமானமும் வேறு. எமது தோல் ஓரளவு அமிலத் தன்மையானது. நாயின் தோல் நடுநிலைக்குக் கிட்ட உள்ளது. அதனால் மனிதருக்கென்று செய்த ஷாம்பு நாளடைவில் நாய்க்குத் தோல் வறட்சியையும் சொறிச்சலையும் உண்டாக்கலாம். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் இன்னும் மோசம். அது கடுமையான காரத் தன்மை உடையது. தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையை முழுதாக உரித்து எடுத்துவிடும். பிறகு நாய் சொறியும், சொறிந்த இடம் புண்ணாகும், புண் மணக்கும். மணக்கிறது என்று மீண்டும் குளிப்பாட்டுவோம்.

நாய்களுக்கென்று விற்கப்படும், வாசனை குறைந்த சாதாரண ஷாம்பு ஒன்று போதும். அது கிடைக்காத நாளில் வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினாலே அரைவாசி அழுக்குப் போய்விடும். பொருத்தமில்லாத சவர்க்காரத்தை விட வெறும் தண்ணீர் மேல்.

வேப்பிலை அவித்த தண்ணீரைச் சிலர் பயன்படுத்துவார்கள். நன்றாக ஆறவிட்டு, வடித்து ஊற்றினால் பெரிய தீங்கில்லை. ஆனால் அது உண்ணியை ஒழிக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். வேப்பெண்ணெயைத் தடித்துப் பூசினால் நாய் நக்கி விழுங்கி வாந்தி எடுக்கும். தேயிலை மர எண்ணெய் என்று போத்தலில் விற்கும் வாசனை எண்ணெய் நாய்க்கு நஞ்சு. மண்ணெண்ணெய், பினாயில், கழிவு எண்ணெய் எதையும் நாயின் உடம்பில் படவிடக் கூடாது. தோலால் உறிஞ்சப்படுவது ஒரு பக்கம். தன் உடம்பில் எது பூசியிருந்தாலும் நாய் அதை நக்கும் என்பது மறுபக்கம்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை?

கட்டை உரோமம் உள்ள ஊர் நாய்க்கு மாதம் ஒரு தடவை போதுமானது. சேற்றில் புரண்டாலோ, செத்த மீனில் உருண்டு வந்தாலோ அன்றைக்கே கழுவத்தான் வேண்டும். வாரா வாரம் ஷாம்பு போடுவது அக்கறையாகத் தோன்றினாலும் தோலுக்கு நல்லதல்ல. தோல் நோய்க்காக வைத்தியர் மருந்து ஷாம்பு தந்திருந்தால் அவர் சொன்ன கணக்குத்தான் கணக்கு.

நேரம் முற்பகல் 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் இருந்தால் நல்லது. காய்வதற்கு வெயில் மிச்சம் இருக்கும். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் மழையும் வாடைக்காற்றும் இருக்கும்போது முழுக்குளிப்பைத் தள்ளிவைத்து, ஈரத் துணியால் துடைத்து, காலை மட்டும் கழுவி விடலாம்.

எட்டுக் கிழமைக்கு உட்பட்ட குட்டிகளைக் குளிப்பாட்டக் கூடாது. அவற்றால் உடல் வெப்பத்தைத் தக்கவைக்க முடியாது. ஊத்தையென்றால் இளஞ்சூட்டுத் துணியால் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். காய்ச்சல் உள்ள நாய், சாப்பிடாமல் படுத்திருக்கும் நாய், குட்டி ஈனும் நாள் நெருங்கிய நாய் ஆகியவற்றுக்கும் குளிப்பு வேண்டாம். சத்திரசிகிச்சை செய்த நாய்க்குத் தையல் வெட்டும் வரை, அதாவது ஏறத்தாழ 10 முதல் 14 நாட்களுக்கு, காயம் நனையக் கூடாது.

எடுத்து வைக்க வேண்டியவை

நாயைப் பிடிப்பதற்கு முன் எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டும். நனைந்த நாயை விட்டுவிட்டுத் துவாய் தேடப் போனால் அது நேரே மணலுக்குப் போகும்.

இரண்டு வாளி தண்ணீர், ஒரு பேணி, பழைய துவாய் இரண்டு, சீப்பு, சிறிய சாவணம், பஞ்சு, ஒரு துண்டு பிஸ்கட். ஷாம்புவை நேரடியாக உடம்பில் கொட்டாமல், ஒரு போத்தலில் தண்ணீருடன் கலந்து குலுக்கி வைத்தால் சீராகப் பரவும், கழுவுவதும் இலகு. நிற்கும் இடத்தில் ஒரு சாக்கை நனைத்து விரித்துவிடுங்கள். குளிப்புக்குப் பயப்படும் நாய்களில் பல உண்மையில் பயப்படுவது வழுக்கும் சீமெந்துத் தரைக்குத்தான்.

தண்ணீர் இளஞ்சூடாக இருக்க வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை. முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. வெயில் ஏறிய பிறகு அள்ளிய கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் போதும். வெயிலில் கிடந்த கறுப்புக் குழாயில் முதலில் வரும் தண்ணீர் சுடும். அதை நிலத்தில் ஓடவிட்டு, கையில் பிடித்துப் பார்த்த பிறகு நாயில் பிடியுங்கள்.

கிணற்றுக் கட்டில் வைத்துக் குளிப்பாட்ட வேண்டாம். யாழ்ப்பாணத்தின் நிலம் சுண்ணக்கல். மேலே ஊற்றுவது கல் வெடிப்புகளுக்குள்ளால் விரைவாக நிலத்தடி நீருக்குப் போய்ச் சேரும். அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். கிணற்றிலிருந்து தள்ளி, வாழையடிப் பக்கம் போவது நல்லது.

குளிப்பாட்டும் முறை

முதலில் சீப்பால் வாருங்கள். உதிர்ந்த உரோமம் போகும், சிக்கு எடுபடும். சிக்கு நனைந்தால் இறுகிவிடும், பிறகு வெட்டத்தான் வேண்டும்.

சங்கிலியால் மரத்தோடு இறுக்கிக் கட்டாதீர்கள். நாய் வெருண்டு பின்னுக்கு இழுத்தால் கழுத்து நெரிபடும். அகலமான கழுத்துப்பட்டியை இன்னொருவர் கையால் பிடித்து, அதனோடு கதைத்துக்கொண்டிருப்பதே சிறந்தது. காதுத் துளையின் வாயிலில் ஒரு சிறு பஞ்சுருண்டை வைக்கலாம். ஆழமாகத் தள்ளக் கூடாது, முடிந்ததும் இரண்டையும் எடுத்துவிட்டோமா என்று பார்க்க வேண்டும். காதுக்குள் தங்கும் ஈரம் காதழற்சிக்கு வழி.

பாதத்திலிருந்து தொடங்கி, கால், வயிறு, முதுகு என்று மேலே நனைத்துக்கொண்டு வாருங்கள். தலையில் திடீரென்று தண்ணீர் ஊற்றினால் அடுத்த முறை வாளியைக் கண்டதும் ஓடும். உடம்பு முழுக்க நனைந்ததும் முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாக நுரை வையுங்கள். தெள்ளு இருந்தால் நனைந்தவுடன் தலைப் பக்கம் ஓடும். அந்த நுரை வளையம் அவற்றை மறிக்கும். பிறகு பின்னுக்கு வாருங்கள். நகத்தால் விறாண்டாமல் விரல் நுனியால் தேய்க்க வேண்டும். முகத்துக்கு ஷாம்பு தேவையில்லை, நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

வைத்தியர் தந்த மருந்து ஷாம்பு என்றால் பெரும்பாலும் 10 நிமிடம் உடம்பில் ஊற வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், கையால் மதிப்பிட்டால் இரண்டு நிமிடமே பத்து நிமிடமாகத் தெரியும்.

இனிக் கழுவுவது. நுரை போட்ட நேரத்தின் இரண்டு மடங்கு நேரம் கழுவுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வன்னீர். அதிலுள்ள கல்சிய உப்புகளோடு சவர்க்காரம் சேர்ந்தால் வெள்ளைப் படிவு உண்டாகி உரோமத்தின் அடியில் தங்கும். குளித்து இரண்டு நாளில் நாய் சொறியத் தொடங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சரியாகக் கழுவுப்படாததைத்தான். அக்குள், தொடையிடுக்கு, வாலடி, விரலிடுக்கு இந்த நான்கு இடங்களிலும் ஓடும் தண்ணீர் தெளிவாக வரும்வரை ஊற்றுங்கள்.

துவாயால் உரசித் தேய்க்காமல் அமத்தி ஒற்றி எடுங்கள். நாய் உடம்பை உதறும், அதை உதற விடுங்கள். பிறகு மணலில் போய்ப் புரளப் பார்க்கும். ஷாம்பு வாசம் அதற்குப் பிடிக்காது, தன் மணத்தைத் திரும்பப் பெறப் பார்க்கிறது என்பார்கள். உலரும்வரை மணல் இல்லாத இடத்தில், வெயிலும் நிழலும் கலந்து விழும் பக்கம் வைத்திருங்கள். உரோமம் தடித்த நாய்க்கு அடித்தோல் ஈரமாகவே இருந்தால் புண் வரும். கடைசியில் பிஸ்கட். குளிப்பு முடிவது நல்லதோடு என்பது அதன் நினைவில் நிற்க வேண்டும்.

கையில் தட்டுப்படுபவை

மாதம் ஒருமுறை நாயின் உடம்பு முழுவதையும் நாங்கள் தொட்டுப் பார்ப்பது இந்தக் குளிப்பில் மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். கழுத்துப்பட்டியின் கீழ் உரோமம் கொட்டியிருக்கிறதா? காது மணக்கிறதா? பெட்டை நாயின் முலைக்காம்புகளைச் சுற்றிக் கட்டி ஏதும் உருளுகிறதா? கருத்தடை செய்யாத பெட்டை நாய்களில் மார்புக் கட்டி அடிக்கடி வருவது. பிறப்புறுப்பிலிருந்து இரத்தம் கசிகிறதா? தெரு நாய்களுக்கிடையே இணைசேரும்போது தொற்றும் ஒருவகைப் புற்று உண்டு. நேரத்தோடு காட்டினால் மருந்தால் மாற்றலாம். ஒரு சின்னக் காயத்துக்குள் இலையான் முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும்.

உதட்டைத் தூக்கி முரசையும் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியோ மஞ்சளாகவோ இருந்து, நாயும் சோர்ந்து, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கடும் நிறமாகப் போனால், உண்ணி பரப்பும் இரத்த நோயாக இருக்கலாம். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போக வேண்டும்.

மணியின் இடது அக்குளில் ஒரு பட்டாணி அளவு கட்டியை நான் கண்டது இப்படியொரு குளிப்பில்தான். வைத்தியர் ஊசியால் எடுத்துப் பார்த்து வெறும் கொழுப்புக் கட்டி என்றார். கண்ணால் பார்த்திருந்தால் அது எனக்குத் தெரிந்திராது.

உண்ணிக்கு என்ன செய்வது?

ஷாம்புவால் உண்ணி ஒழியாது. எங்கள் நாய்களில் ஏறும் மண்ணிற உண்ணி, தன் வாழ்நாளின் பெரும் பகுதியை நாயின் உடம்புக்கு வெளியேதான் கழிக்கிறது. குஞ்சு, இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி என்று மூன்று பருவத்திலும் ஒவ்வொரு தடவை ஏறி இரத்தம் குடித்து, விழுந்து, சுவர் வெடிப்பிலோ கூட்டின் பலகை இடுக்கிலோ ஒளிந்திருக்கும். இரத்தம் குடித்து வீங்கிய பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அந்நாளில் நான் பிடுங்கப் பிடுங்க மறுநாளும் அவ்வளவு நின்றதற்குக் காரணம் இதுதான். வீமனின் உடம்பில் நின்றவை கொஞ்சம். எங்கள் தாழ்வாரச் சுவருக்குள் காத்திருந்தவை மிச்சம்.

ஆகவே மூன்று வேலை உண்டு. முதலாவது, பிடுங்குவது. சாவணத்தால் தோலுக்கு மிகக் கிட்டவாகப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். திருகவோ, நெருப்பு வைக்கவோ, மண்ணெண்ணெய் விடவோ வேண்டாம். விரலால் நசிக்காமல் ஸ்பிரிட் அல்லது சவர்க்காரத் தண்ணீர் உள்ள போத்தலில் போடுங்கள். இரண்டாவது, இடத்தைச் சுத்தம் செய்வது. படுக்கும் சாக்கைக் கொதிதண்ணீரில் அவித்து வெயிலில் போடுங்கள். சுவர் வெடிப்புகளைச் சீமெந்தால் அடையுங்கள். மூன்றாவது, மருந்து. கழுத்தின் பின்பக்கம் விடும் சொட்டு மருந்தும், வாயால் கொடுக்கும் மாத்திரைகளும் இப்போது உண்டு. எல்லாம் நாயின் நிறைக்கு அளவானவை. பெரிய நாய்க்கு வாங்கியதைச் சிறியதற்குப் பங்கு போடக் கூடாது. முன்பு வலிப்பு வந்த நாயென்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள். சொட்டு மருந்து விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் விட்ட பின் இரண்டு நாளும் குளிப்பாட்ட வேண்டாம், மருந்து தோல் எண்ணெயில் பரவ வேண்டும்.

வீட்டில் பூனை இருந்தால் இன்னொரு கவனம் தேவை. பேர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு. நாயோடு ஒட்டிப் படுப்பதாலேயே பூனைக்குப் பட்டுவிடும். அதே மருந்து மீனையும் தேனீயையும் கொல்லும். கழுவிய தண்ணீர் குளத்துக்கோ வாய்க்காலுக்கோ போகக் கூடாது.

நஞ்சு பட்டுவிட்டால்

தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துகளில் மிகக் கொடிய சில இலங்கையில் 1995இல் தடை செய்யப்பட்டன. அதன் பின்னரும் பல தடை செய்யப்பட்டன. மிஞ்சியவை நாய்க்குப் பாதுகாப்பானவை என்று இதற்கு அர்த்தமில்லை. ஓகனோபொஸ்பேட் வகை மருந்துகள் நரம்புக்கும் தசைக்கும் இடையே செய்தியைக் கடத்தும் இரசாயனத்தை உடைய விடாமல் தடுக்கின்றன. அதனால் எல்லாச் சுரப்பிகளும் தசைகளும் ஓய்வின்றி இயங்கும். வாணி, கண்ணீர், வயிற்றோட்டம், தசைத் துடிப்பு, சுருங்கிய கண்மணி, கடைசியில் மூச்சுத் திணறல். வீமனிடம் நான் கண்டது அதுதான் என்று பல வருடம் கழித்துத்தான் விளங்கியது.

அப்படி நேர்ந்தால், கையுறை போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் திரவமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொண்டு உடனே நன்றாகக் கழுவுங்கள். நக்க விடாமல் துவாயால் சுற்றுங்கள். வாந்தி எடுக்க வைக்கவோ, பால், எண்ணெய் பருக்கவோ வேண்டாம். துடிக்கும் நாய்க்கு அது சுவாசப்பைக்குள் போய்விடும். மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். இந்த வகை நஞ்சுக்கு அற்றோப்பின் என்ற மாற்று மருந்து உண்டு. நேரத்தோடு போனால் பிழைக்க வைக்கலாம். உங்கள் பகுதி மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தை இன்றைக்கே குறித்து வையுங்கள்.

உங்களுக்கு நகம் பட்டால்

குளிப்பாட்டும்போது வெருண்ட நாய் விறாண்டுவதும் கடிப்பதும் நடக்கும். சொந்த நாய்தானே என்று விடக் கூடாது. காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அரச வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள். தடுப்பூசி தேவையா என்பதை வைத்தியர் முடிவு செய்வார். நாயின் விசர்நோய்த் தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோனால் அவருக்கு உதவியாக இருக்கும்.

மணிக்கு வாளியென்றால் பயம்தான். ஒரு மாதம் முழுக்க, வெறும் வாளியை முற்றத்தில் வைத்து அதனருகில் அவளுக்குச் சோறு வைத்தேன். பிறகு காலை மட்டும் நனைத்தேன். இப்போது கூப்பிட்டால் வருகிறாள், வாலை இடுக்கிக்கொண்டு. ஒவ்வொரு முறையும் ஷாம்புப் போத்தலைத் திருப்பி அதில் எழுதியிருப்பதை வாசிக்கிறேன். பல தடவை வாசித்த போத்தல்தான். அவள் காத்துக்கொண்டு நிற்பாள்.